உப்புப் போடாத ஐஸ்

'அந்த வயரை உருவாதீங்க. அந்த ஒரு வயரை மட்டும் உருவாதீங்க.'

லோகநாயகியின் நெஞ்சுக்குள் ஓடியது வாய்க்கு வரவில்லை. கூடத்தில் பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான். ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள், அடுப்படி வாசலோரம் நின்ற ஃப்ரிட்ஜின் வயரை அதிலிருந்து பிடுங்கிச் சுவரோரம் போட்டுவிட்டு, பெட்டியின் வயரைச் செருகினான். ஃப்ரிட்ஜ் ஒருதரம் உடம்பை உலுக்கிக்கொண்டு அடங்கியது. பெட்டி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்கு அடியில் கார்த்திகேசன், தாடைக்கட்டோடு, எதற்கோ ஒத்துக்கொண்டுவிட்டவர்போலப் படுத்திருந்தார்.

புருஷன் படுத்திருக்கிற பெட்டிக்கு வேண்டாம், என் ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் கொடுங்கள் என்று எந்தப் பொம்பளை சொல்லுவாள்? அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

அவள் அழவில்லை. முந்தாநாள் செய்து வைத்தது உள்ளே இருந்தது. நாலு இட்லித் தட்டு நிறையக் கோழிக்கால் சாறு. பதினோரு எவர்சில்வர் டம்ளரில் அதே சாற்றோடு மசித்த பறங்கிக்காயும் கொஞ்சம் தயிரும். இட்லித் தட்டு இளசு நாய்களுக்கு, கடித்து நொறுக்க. டம்ளர், பல் போன கிழடுகளுக்கு. வெறும் சாறு கல்லாக உறைந்துவிடும்; கிழட்டு நாக்கு அதில் வழுக்கிக்கொண்டே இருக்கும். தயிர் சேர்த்தால் நக்க நக்க இளகிக் கொடுக்கும். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு கோடை முழுக்க ஆனது.

நேற்றுக் காலை கார்த்திகேசன் தெர்மாகோல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போனார். வழக்கம்போல ரயிலில் சிதம்பரம். இறங்கியதும் ஸ்டேஷன் நாய்களுக்கு ஐஸ் கொடுத்துவிட்டு, ஆபீசில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இன்று விடியும்போது ஆம்புலன்சில் வீட்டுக்கு வந்தார். பெண் வினோதினி சென்னையிலிருந்து வந்து சேர மத்தியானமாகும். அதுவரை பெட்டி.

பத்து மணிக்கே அக்கினி வெயில் பந்தலைத் துளைத்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. எதிர்வீட்டிலிருந்து வந்த காப்பியும் தீர்ந்துபோனது. நாத்தனார் தில்லையம்மாள் தண்ணீர் தேடி உள்ளே போனவள், தட்டு நிறைய டம்ளர்களோடு வெளியே வந்தாள்.

"ஏன் லோகு, மாம்பழக் குல்ஃபி போட்டு வச்சிருக்கியே. ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சி, வீணாத்தான போவும்? பெரியவங்களுக்குக் குடுக்குறேன்" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

லோகநாயகி வாயைத் திறந்தாள். அதற்குள் தட்டு பந்தலுக்குப் போய்விட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முதல் டம்ளரை வாங்கியவர் கோவிந்தசாமி மாமா, கார்த்திகேசனுக்குத் தாய்மாமன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுத் துளசி மாலை போட்டுக்கொண்ட நாளிலிருந்து ஆறு வருஷமாகக் கறி மீன் தொடாதவர். கல்யாண வீட்டில்கூட அடுத்த இலையில் முட்டை விழுந்தால் எழுந்துவிடுவார். ஸ்பூனால் தோண்டி வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"சக்கரையே போடல பாத்தியா. எனக்குச் சுகர் இருக்குன்னு நெனப்பு வச்சிச் செஞ்சாப்ல இருக்கு."

"உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல" என்றார் பக்கத்துக்காரர்.

"குல்ஃபிக்கு எவன்யா ஒறப்பு போடுவான்? சாப்புடு, ஒடம்புக்குக் குளிர்ச்சி."

சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். லோகநாயகி சொல்லவில்லை. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. அவர் அடியை வழித்து நக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்ததை ஒருவர் முழுசாகத் தின்று முடிப்பதை இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பார்க்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்து கோடை. முதல் கோடையில் கார்த்திகேசன் ஒருநாள் வந்து சொன்னார். மீன்காரன் கொட்டிய ஐஸைச் சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்ததாம். மனசு கேட்கவில்லையாம். அன்றைக்கு அவரே அடுப்படியில் இறங்கினார். பால் காய்ச்சுகிற குண்டானில் கோழிக்காலைப் போட்டு, வெங்காயம், பூண்டு, கல் உப்பு எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டார். நாய்க்கும் ருசி வேண்டாமா என்றார். லோகநாயகி குண்டானைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். வெங்காயம் நாய்க்கு விஷம். உப்பு ஆகாது. வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும், வடிகட்ட வேண்டும்.

அன்றோடு அது அவள் வேலையாகிப்போனது. ஒருநாள் விட்டு ஒருநாள் பிராய்லர் கடையில் கோழிக்கால் வாங்கி, நகத்தை ஒவ்வொன்றாகக் கத்திரித்து, வேகவைத்து, வடிகட்டி, ஆறவைத்து ஊற்ற வேண்டும். ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். துணியில் வாடை ஏறக் கூடாதென்று கையைப் புளி போட்டுத் தேய்ப்பாள். அப்படியும் கோயிலில் விபூதி வாங்கக் கை நீட்டும்போது தனக்கே வாடை அடிக்கும்.

"ஒருநா என்னயும் கூட்டிட்டுப் போங்க. அதுங்க திங்கறத பாக்கணும்" என்று கேட்டாள்.

"ஒனக்கெதுக்கு லோகா அலச்சல், இந்த வெயில்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார். அவர் மறுத்த எல்லாவற்றையும் பிரியமாகத்தான் மறுத்தார். பிரியத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

மத்தியானம் வினோதினி வந்து இறங்கினாள். அப்பாவின் பெட்டிமேல் விழுந்து அழுது, அம்மாவின் மடியில் புரண்டு, முகம் கழுவப் போனவள் வாசல்படியோரம் கிடந்த டம்ளர்களைப் பார்த்தாள். எடுத்து மோந்தாள்.

"அத்த, இத யாருக்குக் குடுத்தீங்க?"

"மாமாவுக்கும் நாலஞ்சு பேருக்கும். ஏன்டி, கெட்டுப்போச்சா?"

"ஐயோ, இது நாய்க்குச் செஞ்சது. கோழிக்கால் தண்ணி!"

பந்தலின் பின்வரிசையில் யாரோ கர்ச்சீப்புக்குள் சிரித்தார்கள். கோவிந்தசாமி மாமா துளசி மாலையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார். ஓங்கரித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

தில்லையம்மாள் உள்ளே வந்து இடுப்பில் கை வைத்தாள். "பாத்துக்கினுதான ஒக்காந்திருந்த? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலியே அண்ணி."

காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

இரண்டு மணிக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு வேன் வந்தது. தெருநாய்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவிலிருந்து, ஒரே நிறச் சட்டை போட்ட ஆறு பேர் ரோஜா மாலையும் ஃப்ளெக்ஸ் பேனருமாக இறங்கினார்கள். பேனரில் கார்த்திகேசன் தெர்மாகோல் பெட்டியோடு சிரித்தார். 'வாயில்லா ஜீவன்களின் ஐஸ் ஐயாவுக்குக் கண்ணீர் அஞ்சலி.' முன்னால் வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் சார்லஸ், ஸ்டேஷன் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன் என்று வினோதினி காதில் சொன்னாள். பெட்டியைத் தொட்டதும் அவன் விக்கி விக்கி அழுதான். அந்த அழுகை நிஜம். அதில் லோகநாயகிக்குச் சந்தேகமே இல்லை. தனக்கு வராதது இவனுக்கு எப்படி இத்தனை சுலபமாக வருகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் காலையில நாய்ங்க எல்லாம் ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னுச்சிங்கம்மா. டிரெயின் போயும் நவுரல" என்றான். பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பினான். "கெழட்டு நாய்ங்களுக்குத் தனியா தயிர் கலந்து பதமா செஞ்சாந்து குடுப்பாரு. யாருக்குங்க அந்த யோசன வரும்? அந்தக் கைப்பக்குவம் ஐயாவோட போச்சி."

லோகநாயகிக்கு அழுகை ஒன்று கிளம்பி வந்தது. பாதி வழியில் எரிச்சல் அதை முந்திக்கொண்டது. காலையிலிருந்து இப்படித்தான்.

"அதெல்லாம் அம்மாதாங்க செஞ்சாங்க" என்றாள் வினோதினி.

"ஆமா ஆமா, அம்மா ஒத்தாச இல்லாம முடியுமா? ஐயாவே வீடியோவுல சொல்லியிருக்காரே" என்று சார்லஸ் போனை எடுத்தான்.

அந்த வீடியோ. போன வருஷம் அவன் எடுத்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். கார்த்திகேசனின் குரல் கேட்டதும் சிலர் அழுதார்கள். "ரொம்ப ஈஸிங்க. நைட்டே செஞ்சி வச்சிடுவேன். கோழிக்கால், ரெண்டு வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு, நல்லா கொதிக்க வுடணும். வீட்டுல அவுங்க ஃப்ரிட்ஜுல எடம் குடுக்குறாங்க. அதுவே பெரிய விஷயம்."

எடம் குடுக்குறாங்க.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரைக் கேட்டாள். "நான் எடம் குடுக்குறேனா?" அவர் சிரித்தார். "வீடியோவுல எல்லாத்தயும் வெளாவாரியா சொல்ல முடியுமா லோகா?" அடுத்த முறை சொல்லுகிறேன் என்றார். அடுத்த முறை வரவில்லை. அவள் பேசுவதை நிறுத்திப் பார்த்தாள். ஐஸ் செய்வதை நிறுத்திப் பார்க்கவில்லை, அதற்கு நாய்கள் என்ன செய்யும் என்று. மெல்ல மெல்லப் பேச்சு திரும்பிவிட்டது. சண்டை மட்டும் முடியாமல், மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்ததுபோல் அப்படியே இருந்தது. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குத் திறக்கலாம் என்றிருந்தாள். இனி யாரோடு அதைத் திறப்பது? கண்ணாடிக்கு அடியில் இருக்கிறவரோடா?

"வெங்காயம் போடக் கூடாது" என்றாள் சத்தமாக.

எல்லோரும் திரும்பினார்கள்.

"வெங்காயம் போடக் கூடாது. உப்பும் போடக் கூடாது. நாய் செத்துடும்."

"ஐயோ, பாவி மவ என்னமோ பொலம்புறாளே!" தில்லையம்மாள் பாய்ந்து வந்து அவள் தலையைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். "அழுதுடு லோகு. உள்ளயே வச்சிக்காத, அழுதுடு." நாலைந்து கைகள் சேர்ந்து அவளைப் பிடித்தன. தில்லையம்மாளின் புடவையில் வேர்வையும் சாம்பிராணியும் மணந்தன. லோகநாயகிக்கு மூச்சு முட்டியது. அந்த நெரிசலுக்கு அப்பால் வினோதினி சார்லஸிடம் பொறுமையாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவன் தலையாட்டி, போனில் எதையோ குறித்துக்கொண்டான்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பறைச் சத்தம் தெருமுனை திரும்பி, கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் தேய்ந்தது. பொம்பளைகள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். அடுப்படி வாசலில் ஃப்ரிட்ஜின் அடியிலிருந்து கொழகொழவென்று ஒரு நீர் ஓடிவந்திருந்தது. லோகநாயகி யாரையும் விடாமல் தானே உட்கார்ந்து துடைத்தாள். இட்லித் தட்டுகளில் இருந்ததை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள். கடைசித் தட்டை ஊற்றும்போது கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் ஊற்றினாள்.

ஆம்பளைகள் கரையிலிருந்து திரும்பி, தலை முழுகி, பந்தலில் ஈரத்தோடு உட்கார்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கோவிந்தசாமி மாமாவுக்கு இருமுறை குளித்தும் திருப்தியில்லை. சார்லஸ் மட்டும் வேனில் ஏறாமல், லோகநாயகி உட்கார்ந்திருந்த வாசற்படியருகே வந்து நின்றான்.

"அம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. மன்னிக்கணும்."

"சொல்லுங்க தம்பி."

"பாப்பா எல்லாம் சொன்னாங்க. எங்களுக்குத் தெரியாமப்போச்சி. ஐயா வுட்டத நீங்க தொடரணும். ஐயா பேர்லயே நடத்துவோம். ஐயாவோட தெர்மாகோல் பெட்டி எங்ககிட்டதான் இருக்கு. தெனமும் காலையில நான் வந்து எடுத்துக்குறேன். நீங்க செஞ்சி மட்டும் குடுங்க, போதும்."

அவள் பதில் சொல்வதற்குள் தில்லையம்மாள் முந்திக்கொண்டாள். "செய்வா தம்பி, செய்யாம என்னா? இனிமே அவளுக்கு என்னா வேல இருக்கு? கைக்கும் மனசுக்கும் ஒரு போக்கு வேணுமே."

"அவன் ஆத்மா குளுரும்" என்றார் கோவிந்தசாமி மாமா, குல்ஃபியை மறந்துவிட்டு.

சார்லஸின் கண்கள் சிவந்திருந்தன. நல்லவன்தான். அவன் கையில் போன் தயாராக இருந்தது. குழுவில் இருக்கிறவர்களுக்குச் செய்தி போட அவள் தலையசைப்பு ஒன்றுதான் பாக்கி. பந்தல் முழுக்க அவளைப் பார்த்தது. வினோதினி மட்டும் தரையைப் பார்த்தாள்.

லோகநாயகி படியில் இருந்து எழுந்தாள். கால் கழுவிவிட்டு வந்த யாரோ வாசல் குழாயைச் சரியாக மூடவில்லை. போய் அதை இறுக்கி மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இல்ல தம்பி. நான் செய்யல."

"பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்மா. அப்பறமா…"

"முடிஞ்சாலும் செய்யல" என்றாள், குரலை உயர்த்தாமல். "சாப்புட்டுட்டுப் போங்க. எதுத்தவூட்லேர்ந்து சோறு வந்துடும்."