மெத்தைக் கடை உத்தியோகம்

எங்கள் வீட்டில் ஒருவர் பெருமூச்சு விட்டால் எதிர்ச் சுவர் வியர்க்கும். ஒரே அறை. அதற்குள் அடுப்பு, துணிக்கொடி, மகன், மருமகள், நான். குளியலறைக் கதவைத் திறக்க ஃபிரிட்ஜை மூட வேண்டும். ஃபிரிட்ஜைத் திறக்க என்னை மடிக்க வேண்டும்.

மருமகள் இரவுப் பணி நர்ஸ். மகன் கிளம்பிப் போனபின் காலை ஒன்பதுக்கு வருவாள். நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவள் தூக்கம் போயிற்று. மாமனார் உட்கார்ந்திருக்கும் அறையில் காலை நீட்டிப் படுக்க மாட்டாள்.

"படும்மா."

"தூக்கம் வரல மாமா" என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். தலை கத்திமேல் சாயும். ஒருநாள் வார்டில் மருந்தையே மாற்றிக் கொடுக்கப் போய்விட்டாள். கடைசி நொடியில் இன்னொரு நர்ஸ் தடுத்திருக்கிறாள். மறுபடி நடந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்துவிட்டார்கள்.

அன்றே அறிவித்தேன். "எனக்கு மெத்தைக் கடையில மேற்பார்வை வேலை கிடைச்சிருக்கு. தினமும் பத்துலேர்ந்து அஞ்சு."

"இந்த வயசுலயா?"

"வலை வீசிப் பிடிச்சுட்டாங்கம்மா. தப்பிக்க முடியல."

கடை நிஜம், வேலைதான் பொய். முதல் நாள் பூங்காவில் உட்கார்ந்தேன்; வெயில் என்னை உரித்துக் கொடியில் போட்டது. மறுநாள் அந்தக் கடைக்குள் நுழைந்து, "சும்மா பாக்கறேன்" என்று ஒரு மெத்தையில் சாய்ந்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். விற்பனையாளன் திட்டவில்லை. என் குறட்டையைக் கேட்டு மயங்கி மூன்று தம்பதிகள் மெத்தை வாங்கினார்களாம். நான் சொல்வதில் பாதியைத் தள்ளுங்கள், ஒன்றரைத் தம்பதி தேறும்.

"பெருசு, நாளைக்கும் வாங்க. வாயை மட்டும் மூடிட்டுத் தூங்குங்க."

நான்கு மாதம் ஓடியது. இன்று மத்தியானம் யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் மருமகள்! கடை ஊழியரின் வீட்டாருக்கு மடக்குக் கட்டில் சல்லிசாகக் கிடைக்குமென்று, தூக்கத்தை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாள்.

"இதுதான் மேற்பார்வையா மாமா?"

"தெரிஞ்சவரா மேடம்?" என்றான் விற்பனையாளன். "ஆறடி மெத்தை, ஓரத்துல ஒரு சாண்ல சுருண்டுக்கறாரு. நடுவுல படுங்கன்னா கேக்கறதே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து வீட்டுலயே இருங்க."

"இருந்தா நீ தூங்க மாட்டே."

"தூங்குவேன்."

"பொய்."

"நீங்க சொன்னதை விடவா?"

பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் கண் முன்னாலேயே காலை நீட்டிப் படுத்தாள், அவளும் ஓரத்தில்தான்.

"அஞ்சு நிமிஷம் மா..." மிச்சம் வரவில்லை.

நான் எழுந்து நின்றுகொண்டேன். ஒரு தம்பதி அந்த மெத்தையை அழுத்திப் பார்க்க வந்தார்கள்.

"அது வித்துப்போச்சுங்க. அந்தப் பக்கம் பாருங்க."

விற்பனையாளன் முறைத்தான். முறைக்கட்டும். மணி இரண்டு, அவள் ஆறுக்கு எழுந்தால் போதும். கால் இப்போதே கடுக்கிறது. உட்காரலாம்தான், மெத்தை கிரீச்சிட்டு அவள் விழித்துக்கொண்டால்?