முதலில் போகும் சிப்பாய்

எங்கள் ஊரில் யாருடைய வீட்டையும் யாரும் கேட்கலாம். கேட்டுவிட்டால் சதுரங்கம் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கேட்டு வந்தவருக்கு வெள்ளைக் காய். குடியிருப்பவருக்குக் கறுப்பு. வெள்ளை வென்றால் வீடு கைமாறும். கறுப்பு வென்றால் கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆட்டம் டிராவில் முடிந்தால் இரண்டு குடும்பமும் அதே வீட்டில் சேர்ந்து இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் எல்லா ஆட்டமும் டிராதான். இவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தற்காப்பு. சிப்பாய்களை ஒட்ட ஒட்ட நிறுத்தி, ராஜாவை மூலையில் ஒளித்துவைத்து, எதிராளிக்குக் கொட்டாவி வரும்வரை காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுத் தெய்வநாயகம் இதில் பெரிய சூரர். நான்கு முறை டிரா செய்தவர். இப்போது அவர் வீட்டில் ஐந்து குடும்பம். காலையில் அவர் வீட்டுக் குளியலறை வரிசை தெருவரை நீளும். வரிசையின் கடைசியில் வீட்டுக்காரரே தோளில் துண்டோடு நிற்பார். என்னைப் பார்த்துவிட்டால் போதும், "என்ன சார் இருந்தாலும் நான் ஒரு ஆட்டம்கூடத் தோத்ததில்ல" என்று ஆரம்பித்துவிடுவார். பல் விளக்கத் தன் முறைக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு அதில் என்ன பெருமையோ.

ஆனி மாதம் அருமைநாதன் என்பவர் எங்கள் வீட்டைக் கேட்டார். குடையோடு வந்தார், கூடத்தில் நின்று நாலாபுறமும் பார்த்தார், காற்று நன்றாக வருகிறது என்றார், பேட்டை அலுவலகத்தில் மனுவைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரத்தில் ஆட்டம் என்று கடிதம் வந்தது. எங்கள் வீடு சிறியது. ஒரு கூடம், இரண்டு அறை, நானும் என் மனைவி சுகந்தியும். இருபத்தோரு வருடமாக அந்த வீட்டுக்குள் வேறொருவர் இருமி நாங்கள் கேட்டதில்லை. அதைக் கூறுபோட எனக்கு மனம் வரவில்லை.

"தெய்வநாயகம் அண்ணன்கிட்டப் போயி அந்தத் தற்காப்பையே கத்துக்குங்க. பாதி வீடாவது நிக்கும்" என்றாள் சுகந்தி.

சரி என்று சொல்லிவிட்டு நேராக ஃபிலோமினாவைப் பார்க்கப் போனேன்.

ஃபிலோமினாவுக்கு முப்பது வயதிருக்கும். பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கறுப்புக் காய்க்கான ஒரு பதிலடி ஆட்டம் அவருக்கு மட்டுமே தெரியும். அதை ஆடி அவர் ஐந்து வீடுகளை இழந்திருக்கிறார். அந்த அளவுக்கு அனுபவம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. தோற்கவே தெரியாத தெய்வநாயகத்திடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

வீட்டில் இந்த ஆட்டத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது அவருடைய முதல் நிபந்தனை. சொன்னாலும் சுகந்திக்குப் புரியப்போவதில்லை என்பதால் எனக்கு அதில் சிரமம் இல்லை.

ஆட்டம் இப்படிப் போகும். ராஜாவுக்குப் பக்கத்து மந்திரியின் முன்னால் ஒரு சிப்பாய் நிற்கும். ராஜாவைத் தவிர அதற்கு நாதி கிடையாது. வெள்ளைக் குதிரை முன்னேறி வந்து அதைக் குறிவைக்கும். மற்றவர்கள் பதறியடித்து அதைக் காப்பாற்றப் போவார்கள். நாம் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டோம். நம் மந்திரியை எடுத்து எதிரி ராஜாவின் திசையைப் பார்த்து வைத்துவிட்டுச் சும்மா இருப்போம். குதிரை சிப்பாயைத் தின்னும். தின்ற இடத்திலிருந்தே நம் ராணியையும் யானையையும் ஒருசேர மிரட்டும். அதையும் பார்க்க மாட்டோம்.

"பாக்காம இருக்கறதுதான் சார் பாடமே. மத்த நகர்த்தல் எல்லாம் பத்து நிமிஷத்துல வந்துடும்" என்றார் ஃபிலோமினா.

அதனால் மூன்று வாரமும் பார்க்காமல் இருக்கப் பழகினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிந்து அடிப்பிடித்து நாறும்வரை ஜன்னல் வழியே பேருந்துகளை எண்ணினேன். என் செருப்பை ஒருவர் என் எதிரிலேயே மாட்டிக்கொண்டு போனார். நான் அவரிடம் மணி கேட்டேன். இரண்டாவது வாரம் பல் வலி வந்தது. அது யாருடைய பல்லோ என்பதுபோல் இருந்துவிட்டேன். ஃபிலோமினா கைதட்டிப் பாராட்டினார்.

ஒரே ஒரு நாள் நான் கொஞ்சம் தயங்கினேன். அந்தச் சிப்பாய் பாவம் இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"மொதல்ல போற சிப்பாய நெனச்சு வருத்தப்படவே கூடாது சார். அது போறதுக்குன்னே நிக்கிறது."

எவ்வளவு பெரிய உண்மை! அன்று வீட்டுக்குத் திரும்பும்போது தெய்வநாயகம் வரிசையில் வாளியோடு நின்றார். இவருக்கு ஒரு சிப்பாயைக் கொடுக்கக்கூடத் துணிச்சல் இல்லையே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கடந்தேன்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு படிவம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு காயும் வீட்டில் எதைக் குறிக்கிறது என்று அதில் எழுத வேண்டும். ராஜா எப்போதும் வீடு. மற்றவற்றுக்குப் பொருளையும் எழுதலாம், ஆளையும் எழுதலாம். ஆடுபவரை மட்டும் எங்காவது எழுதியே ஆக வேண்டும். வெட்டுப்பட்ட காய் எதுவோ, அது வெட்டியவருக்குச் சொந்தம். யார் ஜெயித்தாலும் அதில் மாற்றம் இல்லை. படிவத்தை எழுதுவது ஆடுபவரின் மனைவியோ கணவரோதான்; துணை இல்லாதவர் தானே எழுதிக்கொள்ளலாம். சுகந்தி மூன்று நாள் பென்சிலால் எழுதி அழித்து, பிறகு பேனாவால் எழுதினாள். கையெழுத்துக்கு நீட்டினாள்.

"ஒருக்கா படிச்சுப் பாத்துட்டுப் போடுங்களேன்."

நான் ஜன்னலைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டேன். பயிற்சி அந்த அளவுக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அருமைநாதன் வந்தார். கூடவே அவருடைய அம்மாவும் நடுவரும். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சிப்பாயாக எழுதப்பட்டிருந்ததால் வந்தே ஆக வேண்டும். வெற்றிலையை மென்றுகொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். ஆடத் தெரியாதவன்தான் தாயைத் துணைக்கு அழைத்து வருவான் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாம் ஃபிலோமினா சொன்னபடியே நடந்தது. நான்காவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை தாவி வந்து அந்தச் சிப்பாயைக் குறிவைத்தது. ஜன்னல் வழியே தெய்வநாயகமும் நான்கு குடும்பத்தாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார், சிப்பாய்! சார், சிப்பாய்!" என்று அவர் கிசுகிசுத்தார். சமையலறை வாசலில் சுகந்தி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் மந்திரியை எடுத்து வைத்தேன். கொட்டாவி விட்டேன்.

அருமைநாதன் வெகுநேரம் யோசித்தார். இது இனாமாகக் கிடைக்கிறதா, வலையா என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் குதிரையால் சிப்பாயை வெட்டினார்.

நடுவர் படிவத்தைப் பிரித்து விரலை ஓட்டினார்.

"மந்திரிக்கு முன்னால் சிப்பாய், வீட்டுக்காரர்" என்று வாசித்தார்.

நான் எழுந்து வெளியே போனேன். அதுதான் முறை.

ஆடுபவர் வெட்டுப்பட்டால் வீட்டில் இருக்கும் அடுத்தவர் ஆட்டத்தைத் தொடர வேண்டும். சுகந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பலகையின் முன்னால் உட்கார்ந்தாள். காய்கள் எப்படி நகரும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ராணியும் யானையும் குதிரையின் வாயில் இருந்தன. நான் தெருவில் தெய்வநாயகத்தின் அருகில் நின்று ஜன்னல் வழியே பார்த்தேன். வெட்டுப்பட்டவர் வாயைத் திறந்தால் அந்த நொடியே வீடு போய்விடும். பாலை அடிப்பிடிக்கவிட்டு மூன்று வாரம் படித்த பாடம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இவள் ராணியைக் காப்பாற்றப் போகிறாள், எல்லாம் தொலைந்தது என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

சுகந்தி ராணியைப் பார்க்கவே இல்லை. அருமைநாதனைத்தான் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர எந்த எடத்துல எடுத்தீங்க?"

அவர் விரலால் காட்டினார்.

"அப்ப நானும் உங்ககிட்ட அதே எடத்துலதான் எடுப்பேன்."

மந்திரியை எடுத்துக் குறுக்காக ஓட்டி, வெள்ளை ராஜாவின் பக்கத்தில் நின்ற சிப்பாயை வெட்டிச் செக் வைத்தாள். ஃபிலோமினா சொல்லிக் கொடுத்த அதே நகர்த்தல். நடுவர் வெள்ளையின் படிவத்தை வாசித்தார். அருமைநாதனின் அம்மா எழுந்து, பலகையைச் சுற்றி நடந்து, சுகந்தியின் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு நிற்கவில்லை. ராஜா மந்திரியைத் தின்றபோது எங்கள் கிரைண்டர் வெளியே வந்தது. யானை போனபோது பீரோ வந்தது. நான் அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டேன். எது போனாலும் சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பதாவது நகர்த்தலில் வெள்ளை ராஜாவுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. நடுவர் கைகுலுக்கிவிட்டு எழுந்தார். வீடு முழுதாக எங்களுடையதே என்று அறிவித்தார். பிறகு என்னைப் பார்த்து, சுகந்தியுடையது என்று திருத்திக்கொண்டார்.

தெய்வநாயகம் என் தோளைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேனே சார்" என்றார்.

சுகந்தி வாசலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க அந்தத் தற்காப்புத்தான் ஆடுவீங்கன்னு நெனச்சேன். அதுல அந்தச் சிப்பாய் கடைசிவரைக்கும் எடத்த விட்டு அசையாதுன்னு அண்ணன் சொன்னாரு. இருக்கறதுலயே பத்திரமான எடம்னுதான் உங்கள அங்க எழுதினேன்."

ஒரு கையெழுத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் கண்ணைத் தாழ்த்தியிருக்கலாம். ஊரையெல்லாம் கேவலமாகப் பேசிய வாயால், "கேஸ் சிலிண்டர் தீரப்போகுது, சொல்லி வெச்சிரு" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளேயிருந்து அருமைநாதனின் அம்மா குரல் கொடுத்தார். "சுகந்தி, இதுல ஃபேன் சுவிட்ச் எதும்மா?"

அவள் சொல்லப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அருமைநாதன் தள்ளுவண்டி பிடித்துவந்தார். பீரோவைப் படுக்கவைத்து, கிரைண்டரைக் கயிற்றால் கட்டி, என்னை முன்பக்கம் உட்காரச் சொன்னார். ஊரின் மறுகோடியில் ஏழு குடும்பம் இருக்கும் ஒரு டிரா வீட்டில் அவருக்கு ஓர் அறை இருந்தது. மூலையில் ஒரு பாய், ஒரு தலையணை, அம்மாவின் வெற்றிலைப் பெட்டி. அதன் பக்கத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுக் கைகால் கழுவி வந்தார். இரண்டு தட்டில் சோறு போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். தோற்ற களைப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

"சாப்பிடும்மா" என்றார்.

"நீ மொதல்ல சாப்பிடுப்பா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ" என்றேன்.