அட்டைப்பெட்டியில் மடித்து வைத்த தீ

1

என் மச்சான் எனக்குத் தரவேண்டியது நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது.

இந்தக் கதை இந்த வரியிலிருந்துதான் பிறந்தது. மச்சான் என்றால் என் தங்கையின் கணவன், மரச்சாமான் பட்டறை வைத்திருப்பவன். நான் அவனிடம் சுமை தூக்குகிறவன். கட்டிலோ பீரோவோ சோபாவோ, முதுகில் ஏற்றிப்போய் வாங்கியவர் வீட்டு மாடியில் இறக்குவேன். கூலியில் பாதியைக் கையில் வைப்பான், மீதியை "அடுத்த தடவை" என்பான். பல அடுத்த தடவைகள் சேர்ந்த தொகைதான் மேலே இருப்பது.

எனக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். சொல்லிக்கொடுத்தவள் தங்கை. அதனால் இதை முதலில் படிப்பவளும் அவளே, அதுவும் சிவப்புப் பேனாவோடு. அவள் எழுதியதை அடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவளுடையது.

[தொகை சரி. ஆனா மானத்தை வாங்க முதல் வரியேதான் கிடைச்சுதா அண்ணா?]

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"சனிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டிய பட்டறையின் பின்வாசல் வழியாக ஓர் உருவம் உள்ளே நுழைந்தது. அதன் கையில் ஒரு பெட்ரோல்"

அதற்குமேல் பேனா நகரவில்லை. உருவம் என்று பொதுவாக எழுதினாலும், அது இடது காலை லேசாக இழுத்து நடந்தது. மச்சான் அப்படித்தான் நடப்பான். நான் யாரை எழுதுகிறேன் என்று கைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் வாய்விட்டுச் சொல்லப் பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. பட்டறையில் தீப்பிடித்ததற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, நான் பாக்கியைக் கேட்டேன்.

"எங்க போவேன் மச்சான்?" என்றான் அவன். அவனுக்கு நானும் மச்சான்தான். "மரக்கடைக்காரன் ஒரு பக்கம் புடுங்கறான், நீ ஒரு பக்கம்."

"அவனுக்குக் குடுத்துடுவ. நான் சொந்தக்காரன்தானே, எங்க ஓடிடப் போறேன்னு நெனப்பு."

"போய்யா! மொத்தத்தையும் கொளுத்திட்டு, இன்சூரன்ஸ் காசை வாங்கி உன் மூஞ்சியில வீசறேன், போதுமா?"

பக்கத்தில் ஒருவரும் இல்லை. மறுநாள் சாயங்காலம் பட்டறை எரிந்தது. பூட்டியிருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

3

(இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.)

இன்சூரன்ஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். சிமென்ட் தரையில் குட்டை குட்டையாகக் கறுப்புத் திட்டுகள் இருந்தன. தண்ணீர் கொட்டி ஓடிக் காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"பாத்தீங்கல்ல? ஊத்தியிருக்காங்க. இது ஜோடிச்ச தீ. நாங்க பணம் குடுக்க மாட்டோம், கேஸ்தான் குடுப்போம்."

மச்சான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறை போனதுமல்லாமல் ஆளும் உள்ளே போய்விடுவானோ என்று ஆகிவிட்டது.

தங்கை என்னைத் தனியாக இழுத்துப் போய்க் கேட்டாள்: "அண்ணா, இவரு செஞ்சிருப்பாரா?"

நான் "

[பதில் சொல்லலை. கூரையைப் பாத்தே. கூரையே இல்லை அங்க.]

4

பிறகு வந்தார் சல்லடை மேடம். தீ எப்படிப் பிடித்தது என்று ஆராய்வதுதான் அவர் வேலை. கரண்டி, தூரிகை, பெரிய சல்லடை என்று ஒரு கட்டடக் கொத்தனாரைப்போல வந்து இறங்கியதால் மச்சான் வைத்த பெயர் அது. அந்த நிலைமையிலும் பெயர் வைக்கிறவனை என்ன செய்வது? குப்பை அள்ள அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. போனேன்.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, வெள்ளிக்கிழமைச் சண்டையை அவரிடம் கொட்டிவிட்டேன். எத்தனையோ பீரோ தூக்கியிருக்கிறேன், அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்க முடியவில்லை.

அவர் நிமிரக்கூட இல்லை. "கோவத்துல சொன்னதை அப்புறம் பேசிக்கலாம்ணே. யாருன்னு நான் முதல்ல கேக்க மாட்டேன். எங்கன்னு கேப்பேன். அப்புறம் எப்படின்னு. யாருங்கறது கடைசி. சில தடவை அந்தக் கேள்வியே வராது."

இதைக் கேட்டதும்தான், வாசகரே, என் இரண்டாம் பகுதி எங்கே பிசகியது என்று புரிந்தது. நான் 'யார்' என்பதிலிருந்து தொடங்கிவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். எரிந்த இடத்தைத் துடைக்கக் கூடாது என்று மேடம் சொன்னதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

அவர் வேலை செய்யும் வரிசையும் தலைகீழ். எல்லோரும் அதிகம் எரிந்த இடத்துக்கு ஓடினோம். அவர் குறைவாக எரிந்த வாசலிலிருந்து கிளம்பினார். புகை மட்டும் படிந்த சுவர், பிறகு ஒருபக்கம் மட்டும் கருகிய கதவு, பிறகு அடையாளமே தெரியாத அலமாரி. கருக்கல் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் ஓர் அடி.

"ஆனா அந்தக் குட்டை குட்டையா இருக்கறது?" என்று கேட்டேன்.

"சோபாவுக்குள்ள என்ன அடைப்பீங்க?"

"ஃபோம்."

"அது உருகும்ணே. உருகி ஓடிக்கிட்டே எரியும். எரிஞ்சு முடிஞ்சா பெட்ரோல் ஊத்தின மாதிரியே இருக்கும். கூரைக்கடியில புகை சேந்து சேந்து கொதிச்சா, ஒரு கட்டத்துல ரூம்ல இருக்கறது எல்லாமே ஒரே நேரத்துல பத்திக்கும். அதுக்கப்புறம் தரையை மட்டும் பாத்து எதையும் சொல்லக் கூடாது."

ஆனாலும் அவர் தரையைச் சுரண்டி, மூடி போட்ட தகர டப்பாக்களில் அடைத்துச் சோதனைக்கு அனுப்பினார். தான் சொன்னதையே நம்பாமல் சோதித்துப் பார்க்கிற மனுஷி.

5

கருக்கல் எங்களை மூலையில் இருந்த பாலிஷ் மேசைக்குக் கூட்டிப்போனது. மேசையின் மேற்பலகையைவிட அடிப்பக்கம்தான் அதிகம் கரிந்திருந்தது. சுவரில் கீழே குறுகி மேலே விரிந்த தடம், விசிறியைப்போல. தீ மேசைக்கு அடியிலிருந்து கிளம்பியிருக்கிறது.

அடியில் ஓர் அட்டைப்பெட்டியின் மிச்சம், அதற்குள் ஒரு துணிக் கட்டி. மேடம் அதைப் பழம் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்தார். நடுவில் வெள்ளைச் சாம்பல். சுவரை ஒட்டியிருந்த ஓரத்தில் இன்னும் துணி.

"வெளியேருந்து கொளுத்தினா ஓரம்தான் முதல்ல போகும். இது உள்ளேருந்து வெளிய வந்திருக்கு."

சாம்பலைச் சல்லடையில் கொட்டினார். ஐந்து இரும்புப் பொத்தான்கள் தங்கின. அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும் வகை. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. என்னுடைய பழைய வேலைச் சட்டை. மச்சானுக்கு எண்ணெய் பாலிஷ் தேய்க்க நான்தான் கொடுத்தேன்.

* எண்ணெயைப் பற்றி இங்கே கொஞ்சம். மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றைக் குடித்துக் குடித்து இறுகுகிறது, இறுகும்போது சூட்டை விடுகிறது. துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி அடைத்தால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும். சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளலாம். தீக்குச்சி வேண்டாம், ஆள் வேண்டாம். மச்சான் வருடக்கணக்காக அந்த எண்ணெயோடுதான் புழங்குகிறான். அவனுக்கும் இது தெரியாது.

6

சோதனை முடிவு வந்தது: பெட்ரோல் இல்லை, எதுவும் ஊற்றப்படவில்லை. மேடம் எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எண்ணெய்த் துணியை வழக்கமா எங்க போடுவீங்க?"

"இவன் எங்க போடுவான்?" என்றேன். "தேய்ச்ச இடத்துல கெடக்கும். பாதி தரையில, பாதி கம்பியில. பட்டறையா சந்தையான்னு தெரியாது."

"அந்த அலங்கோலம்தான் இத்தனை வருஷம் உங்களைக் காப்பாத்தியிருக்கு. அப்போ அன்னிக்கு மட்டும் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

தேர்ந்த எழுத்தாளர் இங்கே ஒரு மௌனத்தை வைப்பார். நானும் வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. தங்கையின் முகம் வெளுத்தது, மச்சான் அதைப் பார்த்தான், பார்த்த வேகத்தில் சொன்னான்:

"நான்தான் மேடம். நான்தான் மடிச்சு வச்சேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நீயா? மடிச்சியா? துண்டை உதறக்கூட ஆள் தேடுவியே!"

"ஏன், நான் மடிக்கக் கூடாதா?"

"சும்மா இருங்க ரெண்டு பேரும்." தங்கை தலையை நிமிர்த்தினாள். "நான்தான் மேடம். திங்கக்கிழமை சோபா வாங்க ஆள் வர்றாங்கன்னு சொன்னாரு. இடம் பாக்க லட்சணமா இருக்கட்டுமேன்னு சனிக்கிழமை பூட்டறதுக்கு முன்னாடி கூட்டிப் பெருக்கினேன். துணியையெல்லாம் நாலா மடிச்சு, அமுக்கி, பெட்டியில வச்சேன்." பிறகு குரல் இறங்கியது. "என்னையவா புடிச்சிட்டுப் போவாங்க?"

"சுத்தமா வச்சதுக்கா?" மேடம் முதல்முறையாகச் சிரித்தார். "தெரியாம நடந்ததும்மா. தெரியாம நடக்கறதுக்குத்தான் இன்சூரன்ஸே. நான் அப்படித்தான் எழுதப் போறேன். இனிமே விரிச்சுக் காயப் போடுங்க. இல்லேன்னா தண்ணி ஊத்தின தகர டின்ல போட்டு மூடுங்க."

மச்சான் எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எரிந்த பட்டறை வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தான், சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீயும் நெனச்சேல்ல?" என்றான்.

"நெனச்சேன்."

"நானே ஒரு நிமிஷம் நெனச்சேன் மச்சான். வாயால சொல்லிட்டோமே, அதுலயே பத்திக்கிச்சோன்னு."

அப்புறம் இரண்டு பேரும் சத்தமாகவே சிரித்தோம். அத்தனை நாளும் தொண்டையில் நின்ற மூச்சு அப்போதுதான் இறங்கியது.

[எனக்கும்.]

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் இன்சூரன்ஸ் பணம் வருகிறது, மச்சான் என் முன்னால் நோட்டுகளை எண்ணி வைக்கிறான், நான் வாங்கிக்கொள்கிறேன். படித்துப் பார்த்தால் வங்கி விளம்பரம்போல இருந்தது.

இரண்டாவதில் அவன் நீட்டுகிறான், நான் பெருந்தன்மையாக மறுக்கிறேன், பின்னணியில் சூரியன். வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது கணக்கு மட்டும். மச்சான் எனக்குத் தரவேண்டியது முதல் வரியில் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் நான் அவன் கையில் ஒரு பெட்ரோல் டின்னைக் கொடுத்து மனதுக்குள் நிற்கவைத்திருந்தேன். கால் வலிக்க நின்றான். அதற்கு அவன் என்னிடம் கூலி கேட்கவில்லை. ஆகவே நேர் செய்துவிட்டேன், பாக்கி இல்லை. முதல் வரியின் மேல் ஒரு கோடு போட்டேன்.

[அந்தக் கோட்டை நான் அழிச்சிட்டேன். சம்பாதிச்சது சம்பாதிச்சதுதான் அண்ணா. வரி இருக்கட்டும், குடுத்துடுவோம்.]

பார்த்தீர்களா? நான் அடித்தால் அழிக்கிறாள், மறுபடி அடித்தால் மறுபடி அழிக்கிறாள். என் கோடு அவளுக்கு நன்றாகவே தெரியும், எழுத்தே அவள் கொடுத்ததுதானே.

அதனால் உங்களிடம் வருகிறேன். கையில் பேனா இருக்கிறதா? முதல் பக்கத்துக்குப் போங்கள். முதல் வரிதான். ஒரே ஒரு கோடு, அழுத்தமாக.

உங்கள் கை அவளுக்குத் தெரியாது.