க்ளெனிஸின் தங்கத்துக்கு ஒரு பொய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ட்ரெவர் என்னிடம் ஒரு பொய் செய்துதரச் சொன்னான். செய்ய உட்கார்ந்தேன். அது கதையாகிக்கொண்டு வருகிறது.

ட்ரெவர் பக்கத்துக் கேரவன்காரன். குளிர்காலம் வந்தால் லியோனோரா என்ற சுரங்க ஊருக்கு வடக்கே இந்தச் செம்மண்ணில் மூன்று கேரவன் நிற்கும். ஒன்றில் ட்ரெவரும் அவன் மனைவி க்ளெனிஸும், ஒன்றில் கெல்வின், ஒன்றில் நான். விடிந்தால் ஆளுக்கொரு உலோக டிடெக்டரை எடுத்துக்கொண்டு முல்கா மரங்களுக்குள் போவோம். ஹெட்போன் வழியாக அது காதில் கத்தினால் தோண்டுவோம். ஆணி வரும். ஈயக்குண்டு வரும். எப்போதாவது தங்கம் வரும். என் அப்பா ரயில்வேயில் தண்டவாளக்கட்டை மாற்றியவர். குனிவதற்குக் கூலி வாங்கினார். நாங்கள் டீசல் போட்டு, லைசென்ஸ் கட்டி, இத்தனை தூரம் வந்து குனிகிறோம். அவர் இருந்தால் காறித் துப்பியிருப்பார்.

ட்ரெவர் காலையில் டீக் கோப்பையோடு வந்து என் தண்ணீர்க் கேன்மேல் உட்கார்ந்தான்.

"யோவ் கவிஞரே, நீதான் எழுதுறவனாச்சே. பொண்டாட்டி நம்புற மாதிரி ஒண்ணு சொல்லு."

"எதைப் பத்தி?"

"அவ தங்கத்தை நான் புதைச்சிட்டேன்."

"எதுக்குய்யா?"

"கெல்வின் எடுக்கட்டும்னு."

"எடுத்தானா?"

"எடுத்திருந்தா உங்கிட்ட ஏன் வர்றேன்?"

2

தொடக்கம், முதல் முயற்சி:

பாலைவனத்தின் செந்நிற அமைதியில் சூரியன் ஒரு பொற்காசைப் போல —

(விட்டுவிட்டேன். இங்கே அமைதி கிடையாது. ஈ இருக்கிறது, கெல்வினின் ஜெனரேட்டர் இருக்கிறது. பிடரியில் வெயில் அடிக்கப் பிக்காசு போட்டவன் எவனும் சூரியனைக் காசு என்று எழுத மாட்டான்.)

இரண்டாவது முயற்சி:

கெல்வினுக்குக் காது கேட்காது.

(இது உண்மை. எழுதலாம். ஆனால் இந்த முகாமில் யாரும் இதை வாயால் சொல்வதில்லை. சொன்னால் என் பிக்காசை என் தலையிலேயே போடுவான். ஆயுள் முழுக்கக் கல் அரைக்கும் ஆலையில் நின்றவன். போன குளிருக்கும் இந்தக் குளிருக்கும் அவன் ஒரு துணுக்குகூட எடுக்கவில்லை. கேட்டால், "மண்ணு தீந்துபோச்சு மாப்ள. வழிச்சு எடுத்துட்டானுங்க" என்பான். போன குளிரில் அவன் நடந்த அதே தடத்தில் பின்னால் போய் ட்ரெவர் மூன்று துணுக்கு எடுத்தான். எடுத்ததைக் கெல்வினிடம் காட்டவில்லை.)

மூன்றாவது முயற்சியே வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

3

கெல்வினின் மகள் லியான் கடலோரப் பன்பரியில் அவனுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள். டிடெக்டரை விற்றுவிட்டு அங்கேயே போய்விடுகிறேன் என்று கெல்வின் சொல்ல ஆரம்பித்தான். மண் தீர்ந்த ஊரில் ஒருவன் எதற்கு இருக்க வேண்டும்?

இதில் கலங்கிப்போனது ட்ரெவர்தான். வெளியே சொல்வானா? "அவன் போனா நான் யாரோடய்யா சண்டை போடுறது? க்ளெனிஸோடயா? அவ ஜெயிச்சிருவா" என்றான். இதற்குமேல் ஓர் ஆண்பிள்ளை இந்த ஊரில் அன்பைப் பேச முடியாது.

அதனால் ஒரு திட்டம் போட்டான். க்ளெனிஸ் தன் வாழ்நாளில் கண்டெடுத்தது ஒரே ஒரு தங்கக்கட்டி. முந்திரிப்பருப்பு அளவு, அதே வளைவு. கடுகு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டு வைத்திருக்கிறாள், தண்ணீரில் பெரிதாகத் தெரியுமாம். ட்ரெவர் அதைப் பாட்டிலோடு எடுத்தான், கட்டிக்குச் செம்மண்ணைப் பூசினான், கெல்வின் வழக்கமாக நடக்கும் ஓடைக்கரையில் விரல் ஆழத்தில் புதைத்தான்.*

* தன்னுடையதைப் புதைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தன்னுடையதெல்லாம் போன கோடையில் வண்டியின் கியர்பாக்ஸ் ரிப்பேருக்குள் போய்விட்டது.

(இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, நீங்கள் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டியைக் கெல்வின் நூறு தரம் பார்த்தவன். கண்டதும் அடையாளம் தெரியாதா? ட்ரெவரிடம் கேட்டேன். "அதான் மண்ணு பூசினேனே" என்றான். பாத்திரத்தை நான் மாற்றி எழுத முடியாது. அவன் அப்படித்தான்.)

4

புதைத்துவிட்டுப் புதருக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தானாம்.

"வந்தான்யா. ஹெட்போன் போட்டிருக்கான். டிடெக்டர் தட்டை நேரா அதும்மேலயே ஆட்டினான். நின்னான். கீழ பாத்தான். குண்டியைச் சொறிஞ்சான். போய்ட்டான்!"

"கேக்கலியா?"

"பத்தடி தள்ளி நின்னாலும் கேட்டிருக்கும் உனக்கும் எனக்கும்."

ட்ரெவர் அன்றைக்கு எடுக்கவில்லை. மனசு விட்டுப்போய் முகாமுக்குத் திரும்பிவிட்டான். மறுநாள் போய் டிடெக்டரை வைத்தான். கணீரென்று கத்தியது. தோண்டினான். துருப்பிடித்த மத்தி மீன் டின்னின் மூடி வந்தது. தங்கம் இல்லை. எவனோ எடுத்துவிட்டு மூடியைப் புதைத்திருக்கிறான்.

"கெல்வினா இருக்குமோ?" என்றேன்.

"அவனுக்குத்தான் காதே கேக்கலியே! கால்கூர்லி டவுனிலிருந்து சுத்திப்பாக்க வர்ற பசங்க வேலை. நீ பொய்யைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை அவ தங்கச்சி வர்றா. பாட்டிலைக் காட்டணும்னு தேடிக்கிட்டிருக்கா."

5

முடிவுகள். (ட்ரெவர் இவற்றைப் பொய்கள் என்பான். தொழில் ஒன்றுதான்.)

ஒன்று: காக்கை கொண்டுபோய்விட்டது. ட்ரெவர் யோசித்தான். "பாட்டில் மூடியைத் திருகித் திறந்துட்டா?" 

இன்னொன்று: பிறந்தநாளுக்கு மோதிரம் செய்யக் கொடுத்திருக்கிறேன், ரகசியமாக. நல்ல பொய், க்ளெனிஸ் உருகிவிடுவாள். பிறகு மோதிரம் எங்கே என்பாள்.

அடுத்து, க்ளெனிஸே எங்கோ வைத்துவிட்டு மறந்து —

(இதை எழுதமாட்டேன். செம்மறி ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் கூட்டம் கூட்டமாக ஆண்களுக்குச் சமைத்துப்போட்டு, ஒரு கரண்டிகூடத் தொலைக்காதவள். ட்ரெவருக்காக அவளை மறதிக்காரி ஆக்குவதற்கு என் பேனா ஒத்துக்கொள்ளவில்லை.)

கடைசியாக, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"அதுக்கு நீ எதுக்குய்யா?" என்று எழுந்து போய்விட்டான்.

6

இதுவரை எழுதியபோது வெளியே கெல்வின் நின்றான். கேட்காமலே உள்ளே வந்து, நான் எழுதிக்கொண்டிருந்த தாளின்மேல் க்ளெனிஸின் தங்கத்தை வைத்தான்.

ஆக, கெல்வினை நான் தப்பாக எழுதியிருக்கிறேன். நான்காம் பகுதியைத் திருத்தலாம். திருத்தப் போவதில்லை, ட்ரெவர் பார்த்தது அதுதானே.

"அப்ப உனக்குக் கேட்டுதா?"

"ஒரு மண்ணும் கேக்கல!" என்று கத்தினான். காது போனவன் ரகசியம் பேசினால் கங்காரு ஓடும். "கண்ணு தெரியுதுல்ல! அந்த ஓடைக்கரை மழை பேஞ்சு காஞ்சு அப்பளம் மாதிரி கெடக்கு. நடுவுல ஒரு எடம் மட்டும் மிதிச்சு, மரக்கிளையால பெருக்கி, தலை வாரி விட்ட மாதிரி இருக்கு. இந்த நாட்டுல குழியை மூடிட்டுப் பெருக்குற கிறுக்கன் ட்ரெவர் ஒருத்தன்தான்!"

இங்கே குழியை மூடாமல் போகிறவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள். மாடு காலை உடைத்துக்கொள்ளும், பண்ணைக்காரன் எல்லாரையும் விரட்டிவிடுவான். அதனால் மூடுகிறோம். மூடி மூடி அவனவன் மூடுகிற விதம் அவனவன் கையெழுத்தாகிவிட்டது. ஆளை ஏமாற்றப் புதைக்கப் போன இடத்திலும் ட்ரெவரின் கால் தானாக மிதித்திருக்கிறது, கை தானாகக் கிளையை ஒடித்திருக்கிறது.

"மெதுவா பேசு," என்றேன்.

"என்ன?"

"மெதுவா!"

"அவன் புதருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான் மாப்ள. அவன் தொந்தி புதரைவிடப் பெருசு. சிரிப்பை அடக்கிக்கிட்டு நடந்துட்டேன். அப்புறமா வந்து எடுத்துட்டு, ஒரு மத்தி டின் மூடியைப் போட்டு வச்சேன். பாத்தா, க்ளெனிஸோடது." குரல் கொஞ்சம் இறங்கியது. "பொண்டாட்டி தங்கத்தை எடுத்து எனக்காகப் புதைச்சிருக்கான், நாயி."

பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விஷயத்துக்கு வந்தான்.

"நீ இதையெல்லாம் எழுதுறேன்னு தெரியும். முடிவையும் எழுதிரு. இதைக் கண்டுபிடிச்சிட்டேன்னு கத்திக்கிட்டு ஓடினேன்னா அவன் சந்தோஷப்படுவான், நான் இங்கயே இருந்துக்கலாம். ஆனா வர்ற ஒவ்வொரு குளிருக்கும் காது கேக்குற மாதிரி நடிக்கணும். இல்லேன்னா க்ளெனிஸ் கையில குடுத்துட்டு, செவிடாயிட்டேன்னு சொல்லிட்டு, லியான் வீட்டுக்குப் போயிரணும். எனக்கு முடிவு பண்ண வரல. நீ எழுதுறபடி செய்றேன்."

"செவிடுன்னு சொல்லிட்டு இங்கயே இரேன்."

"என்ன?"

"சொல்லிட்டு, இங்கயே இரு. ட்ரெவர் காதால கேப்பான், நீ கண்ணால பாரு. ரெண்டு பேரும் ஒரே தடத்துல நடங்க."

"என்ன?"

(கேட்கவில்லையா, கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டானா? எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.)

தங்கத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

7

கதை முடிந்துவிடும் என்று நினைத்த இடத்தில் க்ளெனிஸ் வருகிறாள். ஈரத்துணிக் கூடை இடுப்பில். அவள் துணிக்கொடி என் ஜன்னலிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பதை நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். கெல்வின் கத்தியதில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளுக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

தங்கத்தை ஒளிக்க இடம் தேடினேன். சட்டையில் பை இல்லை. சந்தேகமான கல்லை நக்கிப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. வாய்க்குள் போட்டுக்கொண்டேன். 

"என்ன கண்ணு, பல்வலியா?" என்றாள் வாசலில் நின்று. "ஒரு பக்கம் வீங்கியிருக்கே."

தலையாட்டினேன்.

"முழுங்கிராத. ஞாயித்துக்கிழமைக்கு வேணும்." கூடையை இறக்கி வைத்தாள். "நான் அதுக்கு வரல. அந்த ரெண்டு கழுதைங்களும் பொய்யை உங்கிட்ட ஒப்படைச்சிருக்குதுங்க, தெரியும். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். கெல்வின் இருக்கானா, போறானா? இருந்தான்னா ராத்திரிக்கு நாலு பேருக்கு ஆட்டுக்கறி போடணும். இப்பவே கறியை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து வெளிய வைக்கணும். சொல்லு."

வெளியே ட்ரெவர் வண்டியின் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் நிற்கிறான். கெல்வின் தன் டிடெக்டரைத் துடைக்கிறான். விற்கிறவனும் துடைப்பான், நாளைக்கு நடக்கப் போகிறவனும் துடைப்பான். 

க்ளெனிஸ் காத்திருக்கிறாள். என் வாயில் தங்கம். திறந்தால் விழுந்துவிடும்.

உங்கள் வாய் சும்மாதானே இருக்கிறது? எத்தனை பேருக்குக் கறி என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, கெல்வினுக்கும் கேட்கிற மாதிரி.