கையில் போட்ட நட்சத்திரம்

தங்கராசு ஈரத்துண்டால் அந்தக் கையை மறுபடியும் தேய்த்தார். போகவில்லை.

"இன்னா சகாயம் இது? இந்த வயசுல பச்ச குத்திக்கினாரா மச்சான்?"

கதவோரம் நின்ற வினோதினிக்குத் தெரியும். அது பேனா மை. நேற்றுச் சாயங்காலம் அப்பாவின் புறங்கையில் அவள் போட்டுவிட்ட நட்சத்திரம். உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன தோல். மை வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது.

"உட்டுடுண்ணா. அது அவ போட்டது" என்றாள் அம்மா சகாயம்.

அப்பா சவரிமுத்து விடியற்காலையில் உப்பு வாரப் போனவர், மூச்சு வாங்குகிறதென்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. வெயில் காலம், சாயங்காலமே கல்லறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை உடுத்தி, வாசல் பந்தலில் பெஞ்சின்மேல் கிடத்தினார்கள். முகாமின் கடைசி நாளுக்கென்று அவர் எடுத்து வைத்திருந்த சட்டை அது.

மாதா கோயில் வளாகத்தில், சுனாமி நிவாரணத்தில் வந்த நீலத் தார்ப்பாயின் கீழ் சிறுபிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடந்துகொண்டிருந்தது. பாலர் வகுப்புக்கு ஆள் இல்லையென்று சிஸ்டர் வினோதினியைக் கூப்பிட்டிருந்தார். வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்க முடியாமல் ஒன்பதாவதோடு நின்றவள் அவள். அப்போது ஊரே திட்டியது. அப்பா மட்டும், "உப்பு உன்ன எழுந்து நின்னு படின்னு சொல்லாது, வா" என்று சிரித்துக்கொண்டே உப்பளத்துக்குக் கூட்டிப்போனார்.

பிள்ளைகளிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு வந்தது. கடல் உள்ளே வந்துபோன பிறகு இரவில் பயந்து அழுத பிள்ளைகள் அவை. வெள்ளத்தில் எல்லா உயிரையும் ஏற்றிக் காத்த நோவாவின் பேழைக்கு அவளே ஒரு பாட்டுக் கட்டினாள். யானை வரும், கொக்கு வரும், நண்டு வரும். கடைசியில் "எல்லாரும் ஏறியாச்சா?" என்று அவள் கேட்க, "ஏறியாச்சு!" என்று கத்தினால்தான் அதுகளுக்கு நிம்மதி. யாராவது வராவிட்டால் எல்லாருமாகப் போய் அந்த வீட்டு வாசலில் பாடிக் கூட்டிவருவார்கள். தனியாகப் போய் ஒரு வீட்டில் கேட்க வெட்கப்பட்டு அவள் வைத்த வழக்கம்தான். வந்த பிள்ளைக்கெல்லாம் புறங்கையில் ஒரு நட்சத்திரம்.

கடைசி நாள் பெற்றோர் முன்னால் பாட வேண்டும். "பின்னாடி வரைக்கும் கேக்கலையே வினோ" என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலம் தோறும், வேலை முடிந்த களைப்போடு அப்பா வேலிகாத்தான் புதருக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார்.

"கேக்கல! எறும்புக்காடி பாடுற?"

அப்புறம் அவரே யானையாக, கொக்காக வருவார். தலைமுடியெல்லாம் உப்பு வெள்ளை. முடிந்ததும் கையை நீட்டுவார். "நானும் வந்தேன் இல்ல? போடு."

நேற்று சொன்னார்: "அன்னைக்குக் கடைசி வரிசையிலதான் உக்காருவேன். அங்க கேட்டாப் போதும் எனக்கு."

தெருமுனையில் கைதட்டல் கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். காகிதக் கிரீடங்களோடு பாலர் வகுப்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. சாவு மணி அடித்ததும் சிஸ்டர் பங்குச் சாமியாரைப் பார்க்க ஓடியிருக்கிறார். வினோதினி அக்காவும் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாசலில் நின்று, "யானை வருது" என்று கையைத் தும்பிக்கையாக்கி ஆட்டத் தொடங்கிவிட்டன.

"டேய்! அறிவில்ல? இன்னா ஊடு இது, ஆடிக்கினு வர்றீங்க!" தங்கராசு கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார்.

பாட்டு அறுந்தது. முன்னால் நின்ற ரேணுகாவின் உதடு துடித்தது. "அக்கா வரல. வரலன்னா போய்க் கூப்புடணும்னு அக்காதான் சொன்னாங்க."

"கூட்டிக்கினு போங்கம்மா யாராச்சும்" என்றாள் பக்கத்து வீட்டுத் தனக்கோடி.

பின்னால் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. பாதிப் பாட்டில் யாரும் இன்னும் பேழையில் ஏறவில்லை. வினோதினி அப்பாவைப் பார்த்தாள். அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"மாமா, அதுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. தங்கராசு ஓங்கிய கையோடு நின்றார். அவள் பந்தலைத் தாண்டி வந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, தும்பிக்கையைத் தூக்கினாள். யானை வந்தது. கொக்கு வந்தது. நண்டு பக்கவாட்டில் வந்தது. ஒப்பாரி நின்றுபோயிருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சா?"

தெருக்கோடியில் துண்டு போர்த்தி நின்றிருந்த உப்பளத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏறியாச்சு!"

அம்மா பெஞ்சுக்காலைப் பிடித்தபடி கும்பிட்டாள். "நல்லா இருப்பீங்க கண்ணுங்களா. இத கேக்கணும்னுதான் இருந்தாரு. வந்து கேக்க வெச்சீங்களே."

பிள்ளைகள் வழக்கம்போல் கைகளை நீட்டின. அவள் உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து ஒவ்வொரு கையாகப் போட்டாள். ரேணுகா தன் கையைப் பார்த்துவிட்டு, பெஞ்சின்மேல் ஜெபமாலை சுற்றியிருந்த கையையும் பார்த்தாள்.

"அவருக்குப் பழசு மங்கிப்போச்சிக்கா."

வினோதினி மண்டியிட்டு ஜெபமாலையைச் சற்றே தள்ளினாள். துடைத்த ஈரம் இன்னும் காயாத தோலில் பேனா எழுதவில்லை. தங்கராசு பக்கத்தில் வந்து குனிந்தார். தோளிலிருந்த துண்டின் காய்ந்த முனையால் அந்தக் கையை ஒற்றினார். இந்த முறை தேய்க்கவில்லை.

அவள் பேனா முனையில் வாய் வைத்து ஊதி, பழைய கோட்டின் மேலேயே வைத்தாள்.