லாக் எடுக்காமல் அணைக்க மாட்டேன்

காலை பத்தரைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்து சர்வர் மறுபடியும் உறைந்து நின்றது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. கவுன்ட்டரில் முப்பது பேர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் முதலில் கூடத்துக்கு ஓடினாள். "அக்கா, அவசரமான ரிசல்ட்டையெல்லாம் கையால எழுதிக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சர்வர் அறைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே நிர்வாகி வந்தார். அவளுடைய தாய்மாமன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"மாட்டேன் மாமா. அணைச்சா தடயமெல்லாம் போயிடும். உள்ள என்ன நடந்துச்சுன்னு சர்வரே பதிஞ்சு வச்சிருக்கிற லாக்கை எடுக்கணும், இருபது நிமிஷம் ஆகும்."

முதல் இரண்டு தடவையும் அவர் அவசரத்துக்குத்தான் அணைத்தாள். மென்பொருள் கம்பெனிக்காரர்கள், ஆதாரம் எதுவும் இல்லை, உங்கள் ஆள்தான் ஏதோ தவறாகக் கையாண்டிருக்க வேண்டும் என்று கை கழுவிவிட்டார்கள். மாமாவும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல், 'இனி கவனமாக இருப்போம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கட்டளையைத் தட்டினாள். திரையில் பன்னிரண்டு சதவீதம். ரொம்ப நேரம் கழித்துப் பதிமூன்று. மாமாவின் கை பவர் பட்டனை நோக்கி நீண்டது. அவள் குறுக்கே போய் நின்றாள். வாசலில் ஊழியர்கள் கூடிவிட்டார்கள்.

"திமிரா உனக்கு?" என்று கத்தினார் மாமா.

"வேலை வாங்கிக் கொடுத்தது நீங்கதான். அதுக்காக எவனோ பண்ண தப்பையும் என் தலையில வாங்கிக்க முடியாது. வேணும்னா என்னை வெளிய அனுப்புங்க. இது நூறு ஆகறவரைக்கும் இந்தப் பட்டன்ல யாரும் கை வைக்கக் கூடாது."

அவள் நகரவில்லை. மாமாவின் கை தானாக இறங்கியது.

நூறு ஆனதும் லாக் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு சர்வரை அவளே அணைத்துக் கிளப்பினாள். கவுன்ட்டர் நகர ஆரம்பித்தது. கோப்பை அனுப்பிவிட்டு, கம்பெனிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"ரெண்டு நாள்ல பார்த்துட்டு சொல்றோம் மேடம்."

"இப்பவே திறங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பத்து நிமிடம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வந்த குரலில் பழைய விறைப்பு இல்லை. "மேடம்... போன மாசம் நாங்க போட்ட அப்டேட்தான் மெமரியை விடாம பிடிச்சு வச்சிருக்கு. அதனாலதான் சர்வர் நின்னு போகுது."

"இதையே மெயில்ல எழுதுங்க. எங்க ஆள் மேல தப்பில்லைன்னும் ஒரு வரி சேர்த்துக்கங்க."

மதியம் மெயில் வந்தது. மாமா இரண்டு முறை படித்தார். "ம்" என்றார். போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததுமே அம்மா பிடித்துக்கொண்டாள். "பத்துப் பேர் முன்னாடி என் தம்பியை எதிர்த்துப் பேசினியாமே?"

"அவரும் அதே பத்துப் பேர் முன்னாடிதாம்மா என்னைப் பார்த்துக் கத்தினாரு."

"பெரியவங்கடி. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேளு."

"மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு, நானே பரிமாறுறேன். மன்னிப்பு மட்டும் கிடையாது."