பின்கதவு வழியாக ஒரு கதை

பகலெல்லாம் லாரியில் மூட்டை ஏற்றிய தோள், மாலைப் பள்ளித் தமிழ் வகுப்பின் பெஞ்சில் சாய்ந்ததும் கெஞ்ச ஆரம்பித்தது. மூட்டைக்காரருக்குக் கண் சொக்கியது. பக்கத்தில் இருந்த வாட்ச்மேன் முழங்கையால் இடித்தார்.

"யோவ், குறட்டை விட்டா சத்தமில்லாம விடு. எனக்கும் தூக்கம் வருது."

டீச்சர் ஒரு பழைய கதையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் பத்தியிலேயே வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது; அது யாருடையது என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது. "பாத்தீங்களா, முடிவைக் கடைசி வரைக்கும் எப்படிக் கைக்குள்ளயே வச்சிருக்காரு!"

பிறகு, மாணவர்கள் எழுதிய கதைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, உங்க கதைல முதல் வரியிலயே தம்பி செத்துட்டான். அப்புறம் நாங்க எதுக்குப் படிக்கணும்?"

"லாரில அப்படித்தான் டீச்சர். கடைசியா இறக்குற சரக்கை முதல்ல ஏத்திடணும்."

"படிக்கிறவங்க பின்கதவு வழியா வரமாட்டாங்கண்ணே."

"வண்டியைத் திருப்பி நிறுத்துய்யா!" என்றார் வாட்ச்மேன். வகுப்பு சிரித்தது. மூட்டைக்காரரும் சிரித்துவைத்தார். அது சொந்தத் தம்பி என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"திருப்பி எழுதிக் கொடுங்க. இது இல்லாம பாஸ் போட முடியாது."

பாஸ் அவருக்கு வேண்டும். கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலைக்குச் சான்றிதழ் கேட்டார்கள். இந்தத் தோளை நம்பி இனிப் பிழைப்பு ஓடாது.

லீவு நாள் காலையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதினார். தம்பி விசிலடித்துக்கொண்டு வந்தான். அண்ணன் பங்குப் பன்னிலும் பாதியைப் பிய்த்துக்கொண்டான். 'நீ தூக்கிக் குடு, நான் உள்ள அடுக்குறேன்' என்றான். செத்த பிறகு அவன் இவ்வளவு பேசியது அன்றுதான். பேனா தானாக ஓடியது. அடுத்து கயிறு அறுந்து அடுக்கு சரிய வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "என்னங்க, நின்னுட்டீங்க?"

"இப்ப அவன் வண்டிக்குள்ள ஏறணும்."

அவள் கையும் நின்றது. "ஏறித்தான் ஆகணுமா?"

முதல் தடவை சாவில் தொடங்கியபோது அது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. இப்போது, இத்தனை நேரம் சிரிக்கவைத்தவனைத் தானே கைபிடித்து உள்ளே ஏற்றிவிட வேண்டும். பேனாவை மூடினார்.

அடுத்த வகுப்பில் டீச்சர் மேசையில் வைத்தே படித்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குண்ணே. ஆனா பன்னைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறானே, அப்புறம்?"

"அவ்வளவுதான் டீச்சர்."

"முடிவு?"

"உள்ள கிடக்கு. இறக்கத் தெம்பில்ல."

டீச்சர் தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணே, இது நெசமாவே..."

"ஆமா. கூடப் பொறந்தவன்."

சிவப்புப் பேனா சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. "மார்க் குறையுமே."

"குறையட்டும். பாஸ் ஆகுமா?"

"ஆகும்ணே. போய் உக்காருங்க."

பெஞ்சில் சாய்ந்தார். டீச்சர் வேறொரு பழைய கதையை ஆரம்பித்தார். செருப்பா குடையா என்று காதில் விழுவதற்குள் கண் சொக்கிவிட்டது. வாட்ச்மேன் இந்த முறை இடிக்கவில்லை. தலை சாய வசதியாகத் தன் தோளைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.